ஃப்ரிட்ஜ் வாங்க நான்கு வழிகள்: எந்த விலை உண்மையில் குறைவு?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், சங்கரன்கோவிலில் அம்மாவின் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. பதினான்கு வருஷம் உழைத்த ஃப்ரிட்ஜ். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றினாலும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் இருப்பது தாம்பரத்தில். அன்று இரவே ஃபோனை எடுத்து விலை பார்க்க உட்கார்ந்தேன்.

அதே நிறுவனம், அதே லிட்டர், ஒற்றைக் கதவு, மூன்று நட்சத்திரம். விலை மட்டும் நான்கு விதமாக இருந்தது. பெரிய ஆன்லைன் தளத்தில் 25,990 ரூபாய், ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் இன்னும் 1,500 குறையும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் 27,490. அம்மா வழக்கமாகப் பொருள் வாங்கும் ஊர்க் கடையில் 29,500. நான்காவது, ஃபேஸ்புக்கில் நான் தேடாமலே வந்து நின்ற ஒரு விளம்பரம்: 'கிடங்கு காலி விற்பனை, 11,999 மட்டும்.'

அம்மாவிடம் ஆன்லைன் விலையைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி இது: "ரிப்பேர் ஆச்சுன்னா நான் யார்ட்டப் போயி நிக்க?"

அடுத்த நான்கு நாள் நான் செய்த ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. திரையில் தெரியும் விலை, பொருள் நன்றாக வந்து நன்றாக ஓடினால் மட்டுமே உண்மையான விலை. ஏதாவது ஒன்று கோணலானால் ஆகும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்க்கும்போது வரிசை மாறிவிடுகிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி மாறுவதில்லை, அதையும் சொல்கிறேன்.

பெரிய தளம்

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் வாங்கும்போது நாம் அமேசானிடமோ ஃபிளிப்கார்ட்டிடமோ வாங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அவை சந்தை மாதிரி. கடை போட்டிருப்பவர் வேறொருவர். பொருளின் பக்கத்தில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவருக்கு எத்தனை பேர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள், முகவரி என்ன என்பது தெரியும். ஒரே ஃப்ரிட்ஜை ஐந்து பேர் விற்றுக்கொண்டிருக்கலாம். 300 ரூபாய் குறைவு என்பதற்காக நேற்று வந்த ஒரு விற்பனையாளரிடம் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது அந்தக் கோடு போட்டு அடித்த விலை. '45 சதவீதம் தள்ளுபடி' என்று பச்சை எழுத்தில் வருவது எம்ஆர்பியிலிருந்து கணக்கிட்டது. எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ எந்தக் கடையிலும் எம்ஆர்பிக்கு யாரும் வாங்குவதில்லை. அதனால் அந்தச் சதவீதத்தை நான் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டியது, இதே பொருள் போன மாதம் என்ன விலைக்கு விற்றது என்பதை. அமேசானுக்கு கீப்பா, இங்குள்ள பல தளங்களுக்கு பைஹட்கே போன்ற கருவிகள் விலை ஏறி இறங்கிய வரலாற்றைக் கோட்டுப் படமாகக் காட்டும். நான் பார்த்த ஃப்ரிட்ஜ் அதற்கு முந்தைய ஐப்பசியில் 23,500 வரை இறங்கியிருந்தது, மாசியில் 26,800க்கு ஏறியிருந்தது. தீபாவளிக்கு முன்னால் வரும் பெரிய விற்பனை நாட்களில் விலை உண்மையாகவே இறங்கும் பொருட்கள் இருக்கின்றன. விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பு விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் பொருட்களும் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் எது எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவிகளை பிரவுசரில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) போட்டால் நீங்கள் பார்க்கும் பக்கங்களை அது படிக்கும். நான் இணைப்பை நகல் எடுத்து, அவர்களுடைய தளத்தில் ஒட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாடல் எண்ணையும் முழுசாகப் படியுங்கள். ஆன்லைனில் இருந்ததும் ஊர்க் கடையில் இருந்ததும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் மாடல் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து வேறு. நிறுவனங்கள் ஆன்லைனுக்கென்று தனி மாடல் விடுவது வழக்கம். இதில் என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தால், ஆன்லைன் மாடலில் அடியில் வெங்காயம் உருளைக்கிழங்கு போடும் டிராயர் இல்லை. அம்மாவுக்கு அந்த டிராயர் முக்கியம். விலை குறைவுக்கு ஒரு பங்கு காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

நட்சத்திர லேபிளில் இரண்டு விஷயம் பாருங்கள்: வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண், லேபிள் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்ற தேதி. நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய கணக்கில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய சரக்கு புதிய கணக்கில் அதைவிடக் குறையலாம். தள்ளுபடியில் தள்ளிவிடப்படும் சரக்கில் இது அடிக்கடி உண்டு. தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறிவிடுகிறது. 480, 490 என்று ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு ஃப்ரிட்ஜின் யூனிட் எண் தள்ளுபடியைவிடப் பெரிய விஷயம்.

திரும்பக் கொடுக்கும் விதிதான் பலர் படிக்காமல் தாண்டிப் போகும் இடம். துணிக்கும் செருப்புக்கும் 'பிடிக்கவில்லை' என்று சொல்லித் திருப்பலாம். ஃப்ரிட்ஜ், டிவி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 'மாற்றித் தருவோம்' மட்டும்தான், அதுவும் சில நாட்களுக்குள், டெக்னீஷியன் வந்து பார்த்துப் பழுது என்று உறுதி செய்த பிறகு. பணம் திரும்பாது. சென்னையில் டெக்னீஷியன் மறுநாளே வந்துவிடுவார். சங்கரன்கோவிலுக்கு? அந்த நிறுவனத்தின் தளத்தில் அம்மாவின் பின்கோடைப் போட்டுப் பார்த்தேன், சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியில் இருந்தது. வாங்குவதற்கு முன்பு இந்த ஒரு காரியத்தைச் செய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

நம் பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2020 ஜூலையில் மின்வணிகத்துக்கென்று தனி விதிகள் வந்தன. பொருள் பழுதானதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. தளம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 'எங்கள் கொள்கைப்படி முடியாது' என்று அரட்டைப் பெட்டியில் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

பெரிய தளத்தில் இருப்பதாலேயே பொருள் தரமானது என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐஎஸ்ஐ தரமில்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கும், பிறகு ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக விற்றவை மட்டும் 2,265 குக்கர்கள். குக்கர், அயர்ன் பாக்ஸ், கெய்சர் போன்றவற்றை ஆன்லைனில் வாங்கினால், பெட்டி வந்ததும் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். அடுப்பில் ஏற்றும் பொருளில் 400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

விமர்சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை நான் படிப்பதில்லை. இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் விவரம் சொல்வார்கள்: 'ஃப்ரீசர் கதவு மூன்றாம் மாதம் விரிசல்', 'சர்வீஸ்காரர் பத்து நாள் கழித்து வந்தார்' என்பது மாதிரி. ஒரே குறை நான்கைந்து பேரிடம் வந்தால் நம்பலாம்.

நிறுவனத்தின் சொந்தத் தளம்

விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் போலிப் பொருள், பழைய சரக்கு, யாரோ திருப்பிக் கொடுத்த சரக்கு என்ற பயம் மிகக் குறைவு. பில் நேராக நிறுவனத்திடமிருந்து வருவதால் வாரண்டியில் 'இது எங்கள் டீலர் விற்றதில்லை' என்ற பேச்சே வராது. முதல் முறை வாங்குபவருக்கு, மின்னஞ்சல் பதிவு செய்பவருக்கு என்று கூப்பன் கொடுப்பார்கள். அதைப் போட்டால் பெரிய தளத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும் நேரமும் உண்டு. ஃபோன், லேப்டாப், தண்ணீர் சுத்திகரிப்பான் போன்றவற்றுக்கு இதையும் கட்டாயம் பாருங்கள் என்பேன். ஃப்ரிட்ஜுக்கு எனக்கு ஒத்துவரவில்லை. அந்தத் தளத்தில் அம்மாவின் பின்கோடுக்கு டெலிவரிக்கு 12 நாள் காட்டியது. வெயிலில் 12 நாள் பாலும் மாவும் என்ன ஆவது?

ஊர்க் கடை

29,500 என்று அட்டை தொங்கிய கடைக்கு அந்த வார இறுதியில் நேரிலேயே போனேன். கடைக்காரரிடம் ஃபோனில் ஆன்லைன் விலையைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. இப்போது எல்லோரும் அப்படித்தான் வருகிறார்களாம்.

"தம்பி, இந்த விலைக்கு எனக்கு கம்பெனியில இருந்தே வராது. நான் பொய் சொல்லல. ஆனா அம்மா இருபது வருஷமா நம்ம கடை. நீங்க ஒரு விலை சொல்லுங்க."

"அண்ணாச்சி, ஸ்டெபிலைசர் சேத்து 26,500 போட்டுக்குடுங்க."

"26,900. பழைய ஃப்ரிட்ஜ் நானே எடுத்துக்கிடுதேன், அதுக்கு 700 கழிச்சுக்கிடலாம். சாயந்தரமே வீட்ல இறக்கிருவோம்."

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆன்லைன் விலை கார்டு சலுகை போக 24,490. எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் முடியாது, அது தனியாக 1,900. ஆக 26,390. பழைய ஃப்ரிட்ஜை இரும்புக் கடையில் போட்டால் 600 கிடைக்கும் என்றார்கள், கழித்தால் 25,790. ஊர்க் கடையில் 26,900-இல் 700 போக 26,200. முதல் நாள் இரவு திரையில் தெரிந்த 5,010 ரூபாய் வித்தியாசம் 410 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அந்த 410க்கு அடியில் டிராயர் வருகிறது, அன்றைக்கே பொருள் வருகிறது, மாடிப்படி ஏற்றி நிறுத்தித் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதானால் அம்மா போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கார்டில் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் என்று கடைசி நிமிஷத்தில் சொல்லும் கடைகள் உண்டு. பேரம் பேசும்போதே 'கார்டுக்கும் இதே விலைதானே?' என்று கேட்டுவிடுங்கள். 'பில் வேண்டாம்னா இன்னும் குறைக்கலாம்' என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில், அதில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இல்லாவிட்டால் வாரண்டி வெறும் பேச்சு. கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பெரும்பாலும் மொத்தப் பொருளுக்கு ஒரு வருஷம்தான். இரண்டாம் வருஷத்தில் கம்ப்ரசர் இலவசமாக வந்தாலும் கேஸ் நிரப்பவும் கூலிக்கும் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இதை எங்கே வாங்கினாலும் படித்துப் பாருங்கள்.

நான்காவது வழி

11,999 ரூபாய் விளம்பரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை பணம் போயிருக்கிறது.

அந்தத் தளத்தைத் திறந்தால் பிரபல நிறுவனத்தின் லோகோ, அதே நிறம், அதே எழுத்து. முகவரிப் பட்டையில் பூட்டுப் படமும் இருந்தது. பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூட்டு, நாம் அனுப்பும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் திருடனா என்று அது சொல்லாது. திருடனும் அந்தப் பூட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். முகவரியைக் கூர்ந்து படித்தபோது நிறுவனத்தின் பெயரோடு 'சேல்', 'ஆஃபர்' என்று வால் ஒட்டியிருந்தது. தொடர்பு கொள்ள ஒரு வாட்ஸ்அப் எண் தவிர வேறொன்றும் இல்லை. ஜிஎஸ்டி எண் இல்லை, குறைதீர்ப்பு அலுவலர் இல்லை. மேலே கடிகாரம் ஓடுகிறது: 'இன்னும் 9 நிமிஷம்தான்.' பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் 9 நிமிஷம்.

இந்தப் பொய் அவசரம் போலித் தளங்களில் மட்டும் இல்லை, நல்ல தளங்களிலும் உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாங்குபவரை ஏமாற்றும் 13 விதமான திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய் அவசரம், நமக்குத் தெரியாமல் கூடையில் பொருளையோ காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது, கடைசிப் படியில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் அதில் வருகின்றன. பணம் கட்டும் முன் கடைசித் திரையில் ஒவ்வொரு வரியையும் படித்து, தானாக டிக் ஆகியிருப்பதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை இது. தங்கை போன ஆடியில் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றில் பட்டுப் புடவை பார்த்தாள். 3,200 ரூபாய், 'ஆடித் தள்ளுபடி'. ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள். யுபிஐயில் முழுப் பணமும் அனுப்பினாள். முதலில் கூரியர் எண் ஒன்று வந்தது, அது எங்குமே நகரவில்லை. பிறகு 'பார்சல் விடுவிக்க 450 அனுப்புங்க' என்று செய்தி வந்தது. அப்போதுதான் என்னிடம் சொன்னாள். அதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது, பணம் திரும்பவில்லை. அவள் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை, இத்தனை படித்தும் ஏமாந்தோமே என்றுதான். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் முதல் நாளே வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள். பணத்தைப் பிடித்து நிறுத்த உதவுவது அந்த முதல் சில மணி நேரம்தான்.

அதற்காக இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்வது பெரிய அநியாயம். வீட்டிலிருந்தபடி ஊறுகாய், தொக்கு, சுங்குடிப் புடவை, மண்பாண்டம் விற்றுக் குடும்பம் நடத்தும் எத்தனையோ பெண்கள் அங்கே இருக்கிறார்கள். தறி வைத்திருப்பவர் இடைத்தரகர் இல்லாமல் நேராக விற்பதும் அங்கேதான். தங்கை இப்போதும் அங்கே புடவை வாங்குகிறாள். ஆனால் முதலில் வீடியோ கால் கேட்கிறாள். உண்மையான விற்பனையாளர் புடவையை விரித்து, முந்தானையைத் திருப்பி, பின்பக்கம் காட்டத் தயங்க மாட்டார். பதிவுகளுக்குக் கீழே கருத்துகள் அடைக்கப்பட்டிருந்தால் வாங்குவதில்லை. முதல் தடவை சின்னத் தொகைக்கு வாங்கிப் பார்க்கிறாள். பட்டு என்று சொன்னால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்கிறாள். இதெல்லாம் வேண்டாம், நிம்மதியாக வாங்க வேண்டும் என்பவர்களுக்கு 1935இலிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் ஆன்லைனிலும் விற்கிறது.

பணத்தை எப்படிக் கட்டுவது

எங்கே வாங்குவது என்பதற்கு அடுத்தபடி இதுதான் முக்கியம். நான் கொடுக்கும் வரிசை: தெரியாத இடமென்றால் கிரெடிட் கார்டு, அது இல்லையென்றால் பொருள் வந்ததும் பணம். யுபிஐ, தெரிந்த இடத்துக்கு மட்டும்.

கிரெடிட் கார்டில் பொருள் வராவிட்டாலோ வேறு பொருள் வந்தாலோ வங்கியிடம் 'இந்தப் பரிவர்த்தனையை மறுக்கிறேன்' என்று ஆதாரத்தோடு முறையிடலாம். வங்கி அந்தத் தொகையை விற்பனையாளரின் வங்கியிடம் திரும்பக் கேட்கும். முடிய நாளாகும், ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதற்குள் போனது வங்கியின் பணம், நம் சேமிப்பு இல்லை. 2022 அக்டோபரிலிருந்து கடைகளும் தளங்களும் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீட்டை மட்டும்தான் வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதால், தளத்தின் தகவல் கசிந்தாலும் கார்டு எண் போகாது.

யுபிஐ வேகமானது, கட்டணமில்லாதது, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்க நம் கையில் பொத்தான் கிடையாது. அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடைப் பெயருக்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று க்யூஆர் கோடு அனுப்பி பின் போடச் சொன்னால் அது நம்மிடமிருந்து பணம் எடுக்கத்தான். நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. இந்த ஒரு வரியை அம்மாவுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

பொருள் வந்ததும் பணம் கொடுப்பது எல்லோரும் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். 'ஓப்பன் பாக்ஸ்' டெலிவரி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பிரித்துப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அப்படி இல்லாதபோது பெட்டியின் லேபிளிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக, நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அப்புறம், யாரும் ஆர்டர் செய்யாத பார்சல் 599 ரூபாய் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தால் வாங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் கணக்குப் போட்டேன். 30,000 ரூபாய்ப் பொருளுக்கு ஆறு மாதத் தவணை, வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 5,000 கட்டினால் போதும், வட்டியே இல்லை என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. சுமார் 1,270 ரூபாய் வட்டி உண்டு, அதைத் தளமோ நிறுவனமோ முதலிலேயே விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 229 ரூபாய், நம் தலையில். செயல்முறைக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 464 ரூபாய். ஒரே தடவையில் கட்ட முடியாதவருக்கு இது நல்ல வசதிதான். முடிந்தவருக்குத் தேவையில்லாத செலவு. '10 சதவீத கார்டு தள்ளுபடி' என்பதிலும் பக்கத்திலேயே 'அதிகபட்சம் 1,500' என்றிருக்கும். 30,000க்கு அது 5 சதவீதம்தான்.

தவறு நடந்துவிட்டால்

பணமே ஏமாற்றி எடுக்கப்பட்டது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாத நிலையில் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் இழப்பு நம்முடையதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நாமே ஓடிபி சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வங்கிக்குச் சொல்லும் வரை போனது போனதுதான். அதனால்தான் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

பொருளில் குறை, பணம் திரும்ப வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். முதலில் வருவது மோசடிக்காரர் போட்டு வைத்த எண்ணாக இருக்கலாம். தளத்தின் செயலிக்குள்ளிருந்தோ, பில்லிலிருந்தோ, வாரண்டி அட்டையிலிருந்தோ எடுங்கள். ஃபோனில் பேசுபவர் திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள்.

எதை எங்கே

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கிரைண்டர் என்று கனமானதும் ஆள் வந்து பொருத்திப் பழுது பார்க்க வேண்டியதும் ஊர்க் கடையில், ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசி. பெரிய நகரத்தில், சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இது மாறலாம். நான் தாம்பரத்தில் எனக்கென்று வாங்கியிருந்தால் ஆன்லைனில்தான் வாங்கியிருப்பேன். ஃபோனுக்குப் பெரிய தளமோ நிறுவனத்தின் தளமோ. புத்தகம், சார்ஜர், எல்இடி பல்பு, வீட்டுச் சில்லறைக்கு ஆன்லைன் தாராளம், சார்ஜரில் மட்டும் பிஐஎஸ் பதிவு எண் பாருங்கள். குழந்தை உணவு, மருந்து, முகத்துக்குப் பூசும் க்ரீம் விஷயத்தில் நான் விலையே பார்ப்பதில்லை, தெரிந்த கடைதான்.

அம்மாவின் ஃப்ரிட்ஜ் அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு இறங்கியது. சாய்த்துக் கொண்டுவந்ததால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று இறக்கிய பையன் சொல்லிவிட்டுப் போனான். இரண்டாம் மாதம் கதவு ரப்பர் ஒரு மூலையில் ஒட்டாமல் நின்றது. அம்மா எனக்கு ஃபோன் செய்யவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போயிருக்கிறாள். மூன்றாம் நாள் திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்து ரப்பரை மாற்றிவிட்டுப் போனார். எனக்கு அது தெரிந்ததே அடுத்த தடவை ஊருக்குப் போனபோதுதான்.